விஸ்கான்சின் கேட்டதும் மாநில உரிமைதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. மாநில உரிமைக்காகவும் இறக்குமதி வரிக்காகவும்தான் தெற்கு, அதாவது அடிமை முறை இருந்த தென் மாநிலங்கள், நாட்டைவிட்டுப் பிரிந்துபோனது, அடிமை முறை பிறகு வந்து ஒட்டிக்கொண்ட காரணம் என்று அதில் எழுதியிருந்தது. மாநில உரிமை என்ற சொல்லைக் கேட்டாலே நம்மில் பலருக்கு இயல்பாக ஒரு பரிவு வந்துவிடும். அதனாலேயே இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஜோஷுவா குளோவர் என்ற மனிதரிலிருந்து தொடங்குகிறேன். மிசௌரியில் அடிமையாக இருந்தவர், அங்கிருந்து தப்பி வடக்கே விஸ்கான்சின் மாநிலத்துக்கு வந்து, ரேசின் ஊருக்குப் பக்கத்தில் ஒரு மர அறுவை ஆலையில் கூலிக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். விஸ்கான்சினில் அடிமை முறை கிடையாது. ஆனாலும் 1854 மார்ச்சில் ஒரு ராத்திரி பழைய எஜமானன் மார்ஷல்கள் என்ற மத்திய அரசுக் காவல் அதிகாரிகளோடு வந்து, அவரை அடித்து விலங்கு மாட்டி மில்வாக்கி சிறைக்குக் கொண்டுபோய்விட்டான். சேதி கேட்டதும் ஷெர்மன் பூத் என்ற பத்திரிகை ஆசிரியர் ஊரைத் திரட்டினார், கூட்டம் சிறைக் கதவை உடைத்து குளோவரை வெளியே கொண்டுவந்தது, அவர் கனடா போய்ச் சேர்ந்துவிட்டார். மத்திய அரசு பூத் மீது வழக்குப் போட, விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம், தப்பிவந்த அடிமைகளைப் பிடித்துத் திருப்பித் தரச் சொன்ன மத்திய அரசின் சட்டமே செல்லாது என்று சொல்லி அவரை விடுவித்தது. சரி, மாநில உரிமை என்றால் இதுதானே? ஆனால் 1859இல் நாட்டின் உச்ச நீதிமன்றம், மத்திய அரசின் கைதியை விடுவிக்க மாநில நீதிமன்றத்துக்கு அதிகாரமே கிடையாது என்று அந்தத் தீர்ப்பைத் தூக்கி எறிந்தது. எழுதியவர் தலைமை நீதிபதி ராஜர் டானி. இரண்டு வருஷம் முன்னால் டிரெட் ஸ்காட் என்ற அடிமை விடுதலை கேட்டுப் போட்ட வழக்கில், கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்களாக இருக்கவே முடியாது என்று எழுதியவரும் அவர்தான்.

இந்த வழக்கில் தெற்கின் தலைவர்கள் மாநிலத்தின் பக்கம் நிற்கவில்லை, வாஷிங்டன் பக்கம் நின்றார்கள். ஏனென்றால் 1850இல் தப்பியோடிய அடிமைகள் சட்டத்தைப் போராடி வாங்கியதே அவர்கள்தான். அந்தச் சட்டத்தைப் படிக்கும்போது எனக்குக் கை நடுங்கியது. பிடிபட்டவர் தன் தரப்பில் வாய் திறந்து சாட்சி சொல்ல முடியாது. ஜூரி விசாரணை கிடையாது. கமிஷனர் ஒருவர் தாளைப் பார்த்து முடிவு செய்வார்: அந்த ஆளை அடிமையாகத் திருப்பி அனுப்பினால் கமிஷனருக்குக் கட்டணம் 10 டாலர், விடுதலை செய்தால் 5 டாலர். தெருவில் போகிற எவரையும் பிடித்துக்கொடுக்க உதவு என்று அதிகாரி கட்டளையிடலாம். ஒளித்து வைத்தால் 1,000 டாலர் வரை அபராதம், 6 மாதம் வரை சிறை. 1856இல் மார்கரெட் கார்னர் என்ற தாய், உறைந்து கிடந்த ஒஹாயோ ஆற்றைக் குடும்பத்தோடு கடந்து சின்சினாட்டி வந்து ஒளிந்திருந்தபோது, பிடிக்க வந்தவர்கள் வீட்டைச் சூழ்ந்ததும், திரும்ப அந்த வாழ்க்கைக்குப் போகக் கூடாது என்று தன் சின்ன மகளைத் தானே கொன்றார். இதைவிட வலுவான மத்திய அரசுத் தலையீட்டை அந்த நாட்டு மக்கள் அதுவரை தங்கள் வாசலில் பார்த்திருப்பார்களா?

கட்டுரையாளர் ஒரு காரியம் செய்திருக்கலாம், பிரிந்துபோனவர்களின் ஆவணங்களைப் படித்திருக்கலாம். 1860 டிசம்பரில் தென் கரோலினா வெளியிட்ட பிரகடனம், வட மாநிலங்கள் தப்பிவந்த அடிமைகளைத் திருப்பித் தர மறுக்கின்றன என்று ஒவ்வொரு மாநிலத்தின் பெயரையும் சொல்லிக் குறைபட்டுக்கொள்கிறது. விஸ்கான்சின் பெயரும் அதில் இருக்கிறது. நியூயார்க் வழியாக அடிமையைக் கூட்டிக்கொண்டு போகக்கூட விடமாட்டேன் என்கிறார்கள் என்று ஒரு புகார். அதாவது வட மாநிலங்கள் தங்கள் உரிமையைப் பயன்படுத்தியதுதான் அவர்களுக்குக் குற்றமாகப் பட்டது. மிசிசிப்பி இன்னும் வெளிப்படையாக, எங்கள் நிலை அடிமை முறையோடு முழுக்கப் பிணைந்தது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டது. அப்புறம் 1861 மார்ச்சில் பிரிந்த மாநிலங்கள் அமைத்த புதிய அரசின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் சவானா நகரில் பேசியதைப் பாருங்கள். கறுப்பினத்தவர் வெள்ளையருக்குச் சமமில்லை, அடிமையாக இருப்பதே அவர்களின் இயல்பான நிலை, எங்கள் புதிய அரசின் மூலைக்கல் இதுதான் என்றார். அவர்களே வாய்விட்டுச் சொன்ன காரணத்தை நாம் ஏன் மாற்றிச் சொல்ல வேண்டும்?

வரி என்கிறார் கட்டுரையாளர். 1832இல் தென் கரோலினா இறக்குமதி வரியை எதிர்த்து மல்லுக்கு நின்றது உண்மை. ஆனால் 1857இல் வரி மிகவும் குறைக்கப்பட்டு, அந்த நூற்றாண்டிலேயே தாழ்வான அளவுகளில் இருந்தது. வரியை உயர்த்திய மோரில் சட்டம் 1861 மார்ச்சில்தான் கையெழுத்தானது. அதற்கு முன்பே ஏழு மாநிலங்கள் பிரிந்துவிட்டன, அவற்றின் செனட்டர்கள் எழுந்துபோனதால்தான் அது செனட்டில் நிறைவேறவே முடிந்தது.

பணம் காரணம் என்றால் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அந்தப் பணம் மனிதர்கள். 1790இல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகள் 1860இல் கிட்டத்தட்ட 40 லட்சம். நாட்டின் ரயில் பாதைகளிலும் தொழிற்சாலைகளிலும் போட்ட முதலீட்டையெல்லாம் சேர்த்தாலும் இவர்கள் மேல் வைத்திருந்த விலைதான் அதிகம். பருத்தி மேற்கே பரவப் பரவ, புதிய நிலங்களில் அடிமை முறை வரலாமா கூடாதா என்பதுதான் ஒவ்வொரு சண்டைக்கும் மூலமானது. அப்படிப்பட்ட புதிய நிலமான கான்சாஸில் ரத்தம் சிந்தியதும் அதற்காகத்தான்.

வடக்கு புனிதமானது என்று நான் சொல்ல வரவில்லை. வடக்கில் இருந்த நியூ இங்கிலாந்து பகுதியின் ஆலைகள் அந்தப் பருத்தியில்தான் நெய்தன. லிங்கனே ஜனாதிபதியாகப் பதவியேற்றபோது, அடிமை முறை இருக்கும் மாநிலங்களில் அதில் கைவைக்க மாட்டேன் என்றுதான் பேசினார், அவருடைய அடிமை விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரியில்தான் வந்தது. கென்டக்கி, மேரிலாந்து போன்ற அடிமை மாநிலங்கள் பிரியாமல் ஒன்றியத்தோடேயே, அதாவது வடக்கின் பக்கமே, இருந்தன. கட்டுரையில் இதெல்லாம் சரியாகவே இருக்கிறது. ஆனால் வடக்கு எதற்காகச் சண்டைக்கு வந்தது என்பது ஒரு கேள்வி, தெற்கு எதற்காகப் பிரிந்தது என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பியதால்தான் அடிமை முறை கடைசிக் காரணமாகிவிட்டது. வடக்கின் படையில் ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் சேர்ந்து போரிட்டார்கள், அவர்களில் மிகப் பலர் அடிமைகளாக இருந்து வந்தவர்கள். உங்கள் கட்டுரையில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு மிகவும் வலித்தது.

ஒரு வேண்டுகோள். தென் கரோலினாவின் பிரகடனம் சில பக்கங்கள்தான். அதைத் தமிழாக்கி அதே பக்கத்தில் முழுசாக வெளியிடுங்கள், வாசகர்கள் படித்துத் தாங்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்