எங்கள் வில்வேட்டைக் குழுவின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், இந்தக் கொட்டகையை இன்றும் நமக்குத் திறந்துவிட்ட பண்ணைப் பெரியவருக்கும், வந்திருக்கும் குடும்பத்தாருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான செயலாளர் அறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன்.

ஆண்டுத் தொடக்கத்தில் 9 பேர் இருந்தோம், இப்போது 11 பேர். புதிதாகச் சேர்ந்த இருவரும் மாநிலத்தின் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்து, சான்றிதழோடு வந்தார்கள். செயற்குழு நான்கு முறை கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நாம் வேட்டையாடும் சாக் கவுண்டிக்கு (கவுண்டி என்பது மாவட்டம் போன்றது) இந்த ஆண்டு ஒரு சிறப்பு உண்டு. விஸ்கான்சினில் வில்லுக்கென்று தனிப் பருவம் முதன்முதலில் திறக்கப்பட்டது 1934இல், சாக், கொலம்பியா என்ற இரண்டு கவுண்டிகளில்தான். அதற்கு 90 ஆண்டு நிறைந்தது. தன் வில்லைத் தானே செதுக்கிக்கொண்ட இயற்கை எழுத்தாளர் ஆல்டோ லியோபோல்டு 1935இல் நிலம் வாங்கியதும் இதே கவுண்டியில், விஸ்கான்சின் ஆற்றங்கரையில். ஆகஸ்டு பயிற்சி நாளில் தலைவர் இதை எடுத்துச் சொன்னபோது, நாம் நிற்கும் மண் எது என்று பலருக்கும் அன்றுதான் தெரிந்தது.

மே முதல் ஆகஸ்டு வரை ஞாயிறுதோறும் இந்தக் கொட்டகைக்குப் பின்னால் பயிற்சி நடந்தது. தரையில் நின்று எய்வது வேறு, 15 அடி உயரப் பரணிலிருந்து குனிந்து எய்வது வேறு என்பதால் ஜூலையிலிருந்து பரணில் ஏறியேதான் எய்தோம். 20 யார்டில் வைத்த காகிதத் தட்டுக்குள் ஐந்து அம்பையும் சேர்க்காதவர் இந்தப் பருவம் எய்வதில்லை என்று முடிவு செய்திருந்தோம். தோள் வலியால் ஓர் உறுப்பினருக்கு அது கைகூடவில்லை. அவர் முகம் சுளிக்காமல் பருவம் முழுவதும் பரண் கட்டவும், இறைச்சி பிரிக்கவும், அதிகாலையில் காபி போடவும் வந்தார். அவருக்குக் குழுவின் நன்றியை இங்கே பதிவு செய்கிறேன்.

பண்ணையில் மக்காச்சோளம், சோயா, குதிரைமசால் என்று மூன்று பயிர். மேற்கே ஓக் மரங்கள் நிற்கும் மேடு, கீழே ஓடை. சோயா முளைத்து இரண்டு இலை விட்டதும் மான்கள் நுனியைக் கடித்துப் போய்விடுகின்றன, வேலியோர வரிசைகள் எழும்புவதே இல்லை. பெரியவர் நம்மிடம் வாடகை கேட்டதில்லை. வைக்கோல் கட்டு ஏற்ற ஆள் வேண்டும், வேலி சீராக வேண்டும், கொம்பைப் பார்த்து ஆசைப்படாமல் முதலில் பெட்டை மானை எடுக்க வேண்டும். அவர் கேட்டது இவ்வளவே. ஒரு கலை மான் குறைந்தாலும் இன்னொன்று வந்து அத்தனை பிணைகளோடும் (பெட்டை மான்களோடும்) சேர்ந்துவிடும். பெட்டை குறைந்தால்தான் அடுத்த ஜூனில் குட்டி குறையும். ஆகஸ்டில் நான்கு நாள் வைக்கோல் ஏற்றினோம்.

செப்டம்பர் 14 அன்று பருவம் திறந்தது. முதல் மூன்று வாரம் வெயிலும் கொசுவும்தான். சோயா இலை பழுக்கத் தொடங்கியதும் மான்கள் வயலை விட்டுவிட்டன, வெள்ளை ஓக் கொட்டை விழும் மேட்டுக்குப் போய்விட்டன. இரண்டு பரண்களை இடம் மாற்றினோம். காற்று தென்மேற்கிலிருந்து அடித்தால் ஓடைப் பரணில் யாரும் ஏறக்கூடாது என்ற ஏற்பாடு நன்றாகவே பலன் தந்தது. நம் வாடை காட்டுக்குள் போய்விட்டால் அன்று உட்கார்ந்து பயனில்லை.

இனி நவம்பர் 9 பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அன்று எய்தவன் நான்.

மாலை 4:20. மேட்டுப் பரணில் இருந்தேன். ஒரு பிணை ஓக் சருகைக் கிளறிக்கொண்டே வந்து பக்கவாட்டில் நின்றது. 28 யார்டு, அதாவது 84 அடி. அப்போது நாம் எய்யலாம் என்று வைத்திருந்த எல்லை 30 யார்டு, ஆக விதியை மீறவில்லை. ஆனால் அதன் காதுகள் என் பக்கம் திரும்பியிருந்ததைப் பார்த்தேன், பார்த்தும் விட்டேன். நம் வில்லிலிருந்து அம்பு நொடிக்கு 270 அடி போகிறது என்று வைத்துக்கொண்டாலும் 84 அடியைக் கடக்க மூன்றில் ஒரு பங்கு நொடி ஆகும். நாண் ஒலி அதற்கு நான்கு மடங்கு வேகத்தில் முந்திப் போய்ச் சேர்கிறது. மான் பாய்வதற்காக உடம்பைத் தாழ்த்தி முன்னே நகர்ந்தது. நுரையீரலுக்குப் போக வேண்டிய அம்பு வயிற்றில் பட்டது.

இறங்கிப் போய் அம்பை எடுத்தேன். நுரையீரலில் பட்டிருந்தால் இளஞ்சிவப்பு நுரை இருக்கும். இதில் பச்சையும் பழுப்புமாக ஈரம், மூக்கருகே கொண்டுபோனால் புளித்த தீவன வாடை. அப்படிப்பட்ட மானை உடனே துரத்தினால் அது எழுந்து எழுந்து ஓடும், கிடைக்கவே கிடைக்காது. விட்டுவைத்தால் கிட்டத்திலேயே படுக்கும். எனவே அடையாளத்துக்கு ரிப்பன் கட்டிவிட்டுத் திரும்பினேன். அது அங்கே வலியோடு கிடக்க, நான் வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த இரவை மறக்க முடியவில்லை.

மறுநாள் காலை 6:30க்கு எட்டுப் பேர் வந்து நின்றார்கள். நான் கேட்டது இரண்டு பேரை. இரத்தத் தடம் பக்கத்துப் பண்ணை வேலியில் போய் முடிந்தது. அனுமதி இல்லாமல் தாண்டக்கூடாது. காயம்பட்ட மானைத் தேடுவதானாலும் சட்டம் அதுதான். தலைவர் தொலைபேசியில் கேட்டதும் அந்த விவசாயி தானே பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். அறுத்த சோளத்தட்டையில் வரிசையாக நின்று நடந்தோம். தாளில் காய்ந்த மிளகு அளவு ஒரு துளி, பிறகு நாற்பது அடிக்கு ஒன்றுமில்லை. வயிற்றில் அடிபட்டது தண்ணீரைத் தேடும் என்று நம் மூத்த உறுப்பினர் சொன்னதை நம்பி ஓடைக்கு இறங்கினோம். 10:40க்குக் கோரைக்குள் கிடைத்தது. பின்தொடைகளைக் கொயோட்டிகள் (ஓநாய் இனத்துச் சிறு காட்டு விலங்குகள்) தின்றிருந்தன. மீதியில் நல்லதை மட்டும் எடுத்தோம். அன்று மதியமே பதிவு செய்து என் டேக்கை (மான் எடுக்கும் அனுமதிச் சீட்டை) முடித்தேன், அதன்பின் இந்தப் பருவத்தில் நான் வில் எடுக்கவில்லை.

இதனால்தான் எல்லையை 30 யார்டிலிருந்து 20 ஆகக் குறைக்கும் தீர்மானத்தை இன்று முன்வைக்கிறேன். நிமிர்ந்து காது குவித்த மானின் மீது எந்தத் தூரத்திலும் எய்யக்கூடாது என்பதும் அதில் சேரும். அன்று வந்த எட்டுப் பேரையும், வேலி திறந்த அந்த விவசாயியையும் நான் இருக்கும்வரை நினைத்திருப்பேன்.

பருவம் முடிந்தபோது மொத்தம் ஆறு மான், ஐந்து பெட்டை, ஒரு கொம்பன். ஆறு தலைகளையும் பரிசோதனைப் பெட்டியில் போட்டோம். இங்கே 2002 முதல் மான்களுக்கு மூளை அரிக்கும் நோய் இருப்பது தெரிந்ததே. கிருமியில்லை, உருக்குலைந்த புரதம் அது, எவ்வளவு வேகவைத்தாலும் அழியாது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை என்றாலும், நோயுள்ள மானை உண்ணாதீர்கள் என்றே சுகாதாரத் துறையினர் சொல்கிறார்கள். ஐந்து சுத்தம். அந்தக் கொம்பனுக்கு நோய் என்று முடிவு வந்தது. நம் புதிய உறுப்பினரின் முதல் மான் அது. கொழுத்து, மினுமினுப்பாக, ஒரு குறையும் தெரியாமல் இருந்தது. தேதி எழுதி ஒட்டி உறைவறையில் அடுக்கியிருந்த 22 பொட்டலங்களையும் குப்பைக் கிடங்குக்கு அனுப்பினார். நான்தான் கூடப் போனேன். வண்டியில் இருவரும் பேசவில்லை. மறுவாரம் மான் எடுத்த மற்ற ஐவரும் ஆளுக்கொரு பொட்டலம் அவர் வீட்டில் கொடுத்ததை, ஊரிலிருந்து வந்திருந்த அவர் அம்மா பார்த்துக் கண்கலங்கினார்.

அந்த அம்மா கேட்ட கேள்வி நம் எல்லோர் வீட்டிலும் வருவது: "மானை அடிச்சா ஜெயில்ல போட மாட்டாங்களா தம்பி?" நம் ஊரில், இந்தியாவில், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றமேதான், புள்ளிமான் அங்கே காக்கப்பட வேண்டியது. இங்கே பண்ணை நிலத்தில் ஓநாய் பெரும்பாலும் போய்விட்டது, சோளமும் சோயாவும் மானைப் பெருக்குகின்றன, எண்ணிக்கையைப் பார்த்துத்தான் டேக் தருகிறார்கள். பிள்ளைகளுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுங்கள். பொங்கலன்று பரிமாறிய சுக்காவை அவர்கள் எங்கிருந்து வந்தது என்று தெரிந்து தின்னட்டும். (மான்கறியில் கொழுப்பு மிகக் குறைவு. நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றி, மூடி வைத்துச் சிறு தீயில் வேகவைத்தால்தான் நார் இளகும் என்று செய்த சகோதரி சொல்கிறார்.)

பரண்களைப் பற்றி ஒன்று. ஓராண்டு வெயில்பட்ட வார்களில் இரண்டு, கையால் இழுத்ததுமே நைந்தன. எல்லா வாரையும் மாற்றிவிட்டோம். ஹார்னஸ் (உடம்போடு கட்டும் பாதுகாப்பு வார்) மாட்டி, தரையிலிருந்தே உயிர்க்கயிற்றில் கொக்கி போடாமல் யாரும் ஒரு படிகூட ஏறக்கூடாது. வில்லைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறாதீர்கள், கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொள்ளுங்கள்.

வேலி வேலை ஏப்ரல் 12 சனிக்கிழமை காலை 8 மணிக்கு. ஓடைப் பக்கத்து மூன்று கம்பமும், நமக்காக வழிவிட்ட பக்கத்துப் பண்ணையில் அன்று நாம் மிதித்துச் சாய்த்த கம்பியும். கையுறை கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்