நிரம்பிய புட்டியும் காணாமல் போன 20 நிமிடமும்: உங்கள் தொடர் குறித்த புகார்

பெறுநர்: நிகழ்ச்சிப் பிரிவுத் தலைவர் அவர்கள்

பொருள்: குழந்தை பெற்று வேலைக்குத் திரும்பும் தாயைத் தவறாகக் காட்டும் தொடர்க் காட்சிகள்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

நாங்கள் உங்கள் அலைவரிசையின் சந்தாதாரர்கள். பாலூட்டும் தாய்மாருக்கு ஆலோசனை சொல்வது எங்கள் தொழில். உங்கள் இரவு நேரத் தொடரில், மூன்று மாதக் குழந்தையை விட்டுவிட்டு நாயகி அலுவலகம் திரும்பிய வாரத்தைப் பற்றியே இந்தப் புகார்.

நாயகி தாய்ப்பால் எடுக்கும் பம்போடு அலுவலகக் கழிவறைக்குள் போகிறார், கதவு சாத்தப்படுகிறது. அடுத்த காட்சியில் அவர் கையில் 240 மில்லி புட்டி, கழுத்து வரை பால். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கும் மின் பம்ப் என்றாலும் 15 முதல் 20 நிமிடம் உட்கார வேண்டும். பாகங்களைப் பூட்டுவது, கழுவுவது, பாலை ஊற்றி மூடிவைப்பது எல்லாம் சேர்ந்தால் அரை மணி நேரம். அதில் கிடைப்பது பெரும்பாலும் இரு மார்பிலும் சேர்த்து 60 முதல் 120 மில்லிதான், அதுவே போதுமானதும்கூட. ஒன்று முதல் ஆறு மாதக் குழந்தை ஒரு நாள் முழுவதும் குடிப்பதே சராசரியாக 750 மில்லி அளவுதான். திரையில் நிரம்பிய புட்டியைப் பார்த்த தாய், தன் கையிலுள்ள 80 மில்லியைப் பார்த்து 'எனக்குப் பால் போதவில்லை' என்று முடிவு கட்டிவிடுகிறார். மார்பில் வைக்கும் பம்பின் புனல் அளவு பொருந்தாவிட்டாலும் பால் குறைவாகத்தான் வரும், காம்பும் புண்ணாகும். புனலை மாற்றினால் தீரக்கூடிய சிக்கல் அது.

கழிவறை என்பதும் தவறு. குழந்தைக்கான உணவை எடுக்கும் இடம் அதுவல்ல. தாழ்ப்பாள் உள்ள சிறிய அறை, ஒரு நாற்காலி, ஒரு மேசை, மின் இணைப்பு, பக்கத்தில் தண்ணீர்க் குழாய் இருந்தால் போதும். அலுவலகக் காட்சிக்கு இவ்வளவு பெரிய அரங்கம் போட்டவர்களுக்கு இது கடினமா?

எங்களை மிகவும் வருத்தியது அலுவலகக் கூட்டக் காட்சி. நாயகி பல மணி நேரம் எழுந்திருக்க முடியாமல் இருக்கிறார், சட்டை நனைகிறது, பின்னணியில் கேலி இசை ஒலிக்கிறது. குழந்தையின் அழுகையைக் கேட்டாலே, சில சமயம் நினைத்தாலே, ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து பால் இறங்கிவிடும். அதைத் தாயால் தடுக்க முடியாது. ஏறத்தாழ மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்காவிட்டால் பால் கட்டிக்கொள்ளும், மார்பு கல்லாகி வலிக்கும். கவனிக்காமல் விட்டால் மார்பு சிவந்து, குளிர்காய்ச்சல் வரலாம். இன்னொன்றும் நடக்கிறது: தேங்கிய பாலே உடலுக்கு 'இனிச் சுரப்பைக் குறை' என்று சொல்லிவிடும். ஆக, பால் குறைவதற்குக் காரணம் எடுக்க நேரம் கொடுக்காத அந்தக் கூட்டம். உங்கள் தொடரிலோ வீட்டுப் பெரியவர், "வேலையில மனசு போச்சு, அதான் பால் வத்திப்போச்சு" என்கிறார். அந்த வசனத்துக்கு மறுப்பே இல்லை, நாயகியும் தலைகுனிகிறார். நேரம் இல்லாத சிக்கலைப் பாசம் இல்லாத சிக்கலாக மாற்றிவிட்டீர்கள். ஒரு வாரக் கதையும் இந்தப் பொய்யின் மேல்தான் நிற்கிறது.

எடுத்த பாலை மேசையில் மாலை வரை வைத்திருந்து, மைக்ரோவேவில் சுட வைப்பதும் ஆபத்தான பாடம். 25 டிகிரிக்கு மேற்படாத அறையில் 4 மணி நேரம், ஐஸ் பேக் வைத்த பையில் 24 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள் என்பதே கணக்கு. மைக்ரோவேவ் பாலைச் சீராகச் சூடாக்காது, சில இடங்களில் மட்டும் கொதித்துக் குழந்தையின் வாயைச் சுட்டுவிடும். வெந்நீரில் புட்டியை நிறுத்தி வைத்தால் போதும். சற்று நேரம் வைத்த தாய்ப்பாலில் கொழுப்பு மேலே ஏடாகப் பிரிந்து நிற்கும், கெட்டுவிட்டதென்று கொட்ட வேண்டியதில்லை. நீங்கள் காட்டிய ஒரே சீரான வெள்ளைப் பாலைப் பார்த்தவர் கொட்டிவிடக்கூடும்.

பால் எடுக்க மேலதிகாரி இரக்கப்பட்டு இடைவேளை கொடுப்பதாகத் தொடரில் வருகிறது. பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்தில் தினம் இரண்டு முறை அரை மணி நேரம் தரவேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கை 1919-இலேயே சொன்னது. அதே அமைப்பின் 2000-ஆம் ஆண்டின் 183-ஆம் உடன்படிக்கை குறைந்தது 14 வார மகப்பேறு விடுப்பைக் கேட்கிறது. பாலூட்டும் இடைவேளையை ஊதியத்துடன் கூடிய வேலை நேரமாகவும் கணக்கிடச் சொல்கிறது. உரிமையாகக் கேட்கப்பட்டதைக் கருணையாகக் காட்டாதீர்கள்.

வாரம் முழுதும் நாயகி அழுகிறார், ராஜினாமா கடிதத்தோடு அழுகை நின்றுவிடுகிறது. பிரசவித்த முதல் இரண்டு வாரங்களில் வரும் கலக்கம் தானாகவே தணியும். மூன்றாம் மாதத்திலும் நாள்தோறும் அழுகை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். ஒரு காட்சியிலும் மருத்துவர் இல்லை.

மறு ஒளிபரப்பிலும் இணையப் பதிவிலும் அந்தப் பெரியவரின் வசனத்தை நீக்குங்கள், புட்டிக் காட்சியைத் திருத்துங்கள். வரும் வாரங்களில் நாயகி மீண்டும் வேலைக்குச் சேர்வதாக இருந்தால், அவர் கூட்டத்திலிருந்து எழுந்து போய் 20 நிமிடம் கழித்துத் திரும்புவதையும், யாரும் திரும்பிப் பார்க்காததையும் ஒருமுறை காட்டுங்கள். படப்பிடிப்புக்கு முன் அந்தக் காட்சிகளின் வசனப் பக்கங்களை ஊதியமின்றிப் படித்துத் திருத்தித் தர நாங்கள் தயார். 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் தரவேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பாலூட்டல் ஆலோசகர்களான சந்தாதாரர்கள்