கூபர் பீடிக்கு ஒரே நாளில் போக வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அடிலெய்டிலிருந்து ஆஸ்திரேலியாவின் நடுவே உள்ள உலுரு என்கிற பெரிய செம்பாறைக்குக் காரில் போவது பற்றி சென்ற ஞாயிறு வந்த கட்டுரையை வீட்டில் எல்லோரும் ஆசையாகப் படித்தோம். ஆனால் முதல் நாள் வழியிலுள்ள கூபர் பீடி ஊர், மறுநாள் உலுரு என்று போட்டிருந்ததைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஜூலை பள்ளி விடுமுறைக்கு அதை நம்பிக் கிளம்பும் குடும்பங்கள் இருக்கும்.

கூபர் பீடி சுமார் 850 கிலோமீட்டர். ஒன்பது மணி நேரம்தானே, காலை ஏழுக்குக் கிளம்பினால் நாலு மணிக்குப் போய்விடலாம் என்று தோன்றும். பிள்ளைகளோடு போகும்போது சாப்பாடு, பெட்ரோல், பாத்ரூம் என்று இரண்டு மணி நேரம் எப்படிப் போனது என்றே தெரியாது. ஜூலையில் அங்கே குளிர்காலம், ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். கங்காருக்கள் சாலைக்கு வருவதும் சரியாக அந்த நேரத்தில்தான்.

எனக்கே நடந்தது. கிளெண்டாம்போ என்கிற சிற்றூர் தாண்டி, வானம் இன்னும் கொஞ்சம் சிவந்திருந்த நேரம், இடப்பக்கப் புதரிலிருந்து ஒன்று பாய்ந்தது. 110இல் போகிற வண்டி எங்கே நிற்கும்? ஸ்டியரிங்கைத் திருப்பாமல் பிரேக்கை மட்டும் மிதித்தேன், திருப்பியிருந்தால் உருண்டிருப்போம். ரேடியேட்டர் உடைந்து பச்சைத் தண்ணீர் செம்மண்ணில் ஒழுகியது, போனில் ஒரு கோடு சிக்னல் இல்லை. கிளெண்டாம்போவுக்கும் கூபர் பீடிக்கும் நடுவே 250 கிலோமீட்டருக்கு ஊரும் கிடையாது, பெட்ரோலும் கிடையாது. குளிரில் பிள்ளைகளைப் போர்வையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைசியில் ஒரு ரோடு டிரெயின் (பல டிரெய்லர்களை இழுத்துப் போகும் நீளமான லாரி) ஓட்டுநர் நிறுத்தி, தன் சாட்டிலைட் போனில் உதவிக்குக் கூப்பிட்டார். அந்த மனிதரை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறோம்.

அது வாடகை வண்டி. சூரியன் மறைந்த பிறகு ஊருக்கு வெளியே ஓட்டி விலங்கு மோதினால் இன்சூரன்ஸ் கிடையாது என்று ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருந்திருக்கிறது. செலவு முழுவதும் எங்கள் தலையில். தயவுசெய்து கையெழுத்துப் போடும் முன்பே அந்தப் பக்கத்தைப் படியுங்கள், மண்சாலையில் ஓட்ட அனுமதி உண்டா என்பதும் அதில்தான் இருக்கும்.

என் யோசனை இதுதான். முதல் இரவு போர்ட் அகஸ்டா, இரண்டாவது கூபர் பீடி (அங்கே நிலத்தடி அறையில் தங்குங்கள், பிள்ளைகளுக்கு அவ்வளவு பிடிக்கும்), மூன்றாவது உலுருவுக்குத் திரும்பும் சந்திப்பான எர்ல்டன்டா, நாலாம் நாள் காலையில் நிதானமாக உலுரு. எந்த நாளும் நாலரை மணிக்கு வண்டி நின்றுவிட வேண்டும். டேங்க் பாதி ஆனதுமே அடுத்த ரோடுஹவுஸில் (நெடுஞ்சாலையோரம் பெட்ரோலும் சாப்பாடும் கிடைக்கும் இடம்) நிரப்பிவிடுங்கள், பல ரோடுஹவுஸ்கள் இரவில் மூடிவிடுகின்றன. ரோடு டிரெயின் 53 மீட்டருக்கு மேல் நீளம் வரும், ஒரு கிலோமீட்டருக்கும் மேல் எதிர்ச்சாலை காலியாகத் தெரியாமல் அதை முந்தவே முந்தாதீர்கள்.

தார்ச்சாலையை விட்டு ஊட்னடாட்டா டிராக் போன்ற மண்சாலையில் இறங்குவதென்றால் விஷயமே வேறு. அது மர்ரீ என்கிற ஊரிலிருந்து மார்லா என்கிற ஊர் வரை 600 கிலோமீட்டருக்கு மேல். ஒரு மழை பெய்தால் சாலையை மூடிவிடுவார்கள், மூடிய சாலையில் போனால் அபராதம். இரண்டு ஸ்பேர் டயர் வேண்டும், ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர் தண்ணீர் வேண்டும். அப்புறம் பி.எல்.பி. என்கிற அவசர பீக்கன், ஆபத்தில் இருக்கும்போது உதவி கேட்டு சிக்னல் அனுப்பும் கருவி. நம்மவர்கள் கூரைக் கூடாரத்துக்கும் கார் ஃபிரிட்ஜுக்கும் ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறார்கள், உள்ளங்கை அளவுள்ள இதை வாங்குவதில்லை. எனக்கு அது மனசே ஆறவில்லை. பதிவு செய்வது இலவசம், எங்கே இருந்து அழுத்தினாலும் சாட்டிலைட் வழியாக மீட்புப் படைக்குச் செய்தி போய்விடும்.

வண்டி நின்றுபோனால் அதை விட்டு நடக்கவே கூடாது. வானத்திலிருந்து தேடுகிறவர்களுக்கு வண்டி தெரியும், ஆள் தெரியாது. வண்டியைக் கண்டுபிடித்தும் ஆளை உயிரோடு மீட்க முடியாமல் போயிருக்கிறது.

செப்டம்பரில் நாங்கள் ஊட்னடாட்டா வழியாகப் போகிறோம். எந்த இரவு எங்கே தங்குகிறோம் என்கிற தாள் அக்கா வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. ஏழு மணிக்குள் என்னிடமிருந்து செய்தி வராவிட்டால் அவர் போலீஸைக் கூப்பிடுவார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், அடிலெய்டு