சுவருக்கு உள்ளே இருந்து

பிரிக்பீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.

அன்புள்ள நண்பா,

நீ பினாங்கிலிருந்து அனுப்பிய ஜெரஜாக் தீவுப் படங்கள் பத்து நாட்களாக என் மேசைமேலேயே கிடக்கின்றன. கைவிடப்பட்ட கட்டடங்களின் படங்களை நாம் ஏன் இப்படி அலுக்காமல் பார்க்கிறோம் என்று நீ கேட்டிருந்ததற்கு உடனே விடை தோன்றாததால்தான் பதில் எழுதத் தாமதமாயிற்று. பாசியும், உதிர்ந்த காரையும், ஓட்டை வழியே இறங்கும் வெயிலும்தான் காரணம் என்கிறாய். அவை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பாழடைந்த பங்களா ஒன்றின் படத்தை ஒரு நிமிடத்தில் புரட்டிவிடுகிற நான், சிறை, மனநோய் மருத்துவமனை, தனிமைப்படுத்தும் முகாம் என்றால் மட்டும் படத்தைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறேன். பாசி இரண்டிலும் ஒரே பாசிதானே?

இதை நினைத்துக்கொண்டிருந்தபோது புடு சிறை நினைவுக்கு வந்தது. நாம் இங்கே ஒன்றாகத் தங்கியிருந்த காலத்தில் பேருந்து அந்தச் சுவரை ஒட்டித்தான் போகும். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தச் சிறையைப் பற்றி நாம் கண்ணால் கண்டதெல்லாம், கைதி ஒருவர் வெளிச்சுவர் நெடுகத் தீட்டியிருந்த ஓவியம் மட்டுமே. உள்ளே தூக்குமேடை இருந்தது நமக்குத் தெரியும். அது எந்தப் பக்கம் இருந்தது என்பது தெரியாது. 1996இல் சிறை மூடப்பட்டு, பின்னர் சில காலம் பொதுமக்களை உள்ளே விட்டபோது, ஐந்து வயது மகனை அழைத்துக்கொண்டு நானும் போனேன். பயப்படுவான் என்று நினைத்தேன். அவனோ ஓர் அறைக்குள் புகுந்து கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுக்கு உள்பக்கம் ஏன் தாழ்ப்பாள் இல்லை?" என்று கேட்டான். நூறாண்டுச் சிறையின் முழு அமைப்பும் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது; என்னிடம் பதில் இல்லை.

2010இல் அந்த ஓவியச் சுவரை இடித்தார்கள். அடுத்த இரண்டாண்டுகளில் மற்றவையும் போயின. இன்று அங்கே பேரங்காடி நிற்கிறது, பழைய நுழைவாயில் மட்டும் மிச்சம். வாயிலை வைத்துக்கொண்டு உள்ளிருந்ததை இடித்தது எனக்கு இன்னும் வேடிக்கையாகத்தான் படுகிறது. வெளியிலிருந்து நாம் ஏற்கெனவே பார்த்திருந்த ஒன்றைத்தானே காப்பாற்றியிருக்கிறார்கள்!

பிலடெல்பியாவில் நேர்மாறாகச் செய்தார்கள். 1829இல் திறந்து 1971இல் மூடிய ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறையைப் புதுப்பிக்காமல், மேலும் சிதையாதபடி மட்டும் பார்த்துக்கொண்டு, 1994 முதல் மக்களுக்குக் காட்டிவருகிறார்கள். நடுவிலிருந்து ஆரக்கால்போல் பிரியும் தாழ்வாரங்களை அந்தப் படங்களில் பார்க்கும்போது, காவலர் மட்டுமே நிற்கக்கூடிய இடத்தில் நாம் நிற்கிறோம். என் மனத்துக்குப் பட்டது இதுதான்: ஊராரை வெளியே நிறுத்தக் கட்டிய சுவர்கள் இவை, ஆள் போன பிறகுதான் நம்மை உள்ளே விடுகின்றன.

இதில் எட்டிப்பார்க்கும் புத்தி கொஞ்சம் கலந்திருப்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நியூயார்க் மாநிலத்தின் வில்லர்ட் மனநோய் மருத்துவமனை 1995இல் மூடப்பட்டபோது, நோயாளிகள் சேரும்போது கொண்டுவந்த பெட்டிகள் ஏறத்தாழ நானூறு பரண்மேல் கிடைத்தன. ஜான் கிறிஸ்பின் என்பவர் அவற்றைத் திறந்து, பொருள்களைப் பரப்பிப் படமெடுத்தார். வீடு திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்துவைத்த பெட்டிகளில் பல, உரியவர் கைக்கு மீண்டும் போகவே இல்லை. ஆனால் நோயாளிகளின் முழுப்பெயரை வெளியிட மாநிலச் சட்டம் இடம் தரவில்லை. பெட்டியைத் திறந்து உலகுக்கே காட்டலாம், பெயரை மட்டும் பூட்டிவைக்க வேண்டும் என்பதை எண்ணிப் பார். கட்டடப் படம் எதுவும் என்னை இவ்வளவு தொந்தரவு செய்ததில்லை.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் கைவிடப்பட்ட கட்டடங்களை எடுத்த படங்கள் மீது எனக்கு வேறொரு கோபம். 1988இல் கடைசி ரயிலை அனுப்பிவிட்டுக் கிடந்த மிச்சிகன் சென்ட்ரல் நிலையத்தைப் படமெடுத்தவர்கள், ஊரே காலியானதுபோல் காட்டினார்கள். 2010இல் அங்கே ஏழு லட்சம் பேருக்கு மேல் குடியிருந்தார்கள். நிலையமும் 2024இல் செப்பனிட்டுத் திறக்கப்பட்டுவிட்டது.

இனி உன் படங்கள். அவற்றில் பெரும்பாலானவை 1969 முதல் 1993 வரை தீவில் இருந்த சிறையின் கம்பிகள். நான் தேடியது அதற்கு முந்தியதை, கப்பலில் வந்தவர்களைத் தனிமைப்படுத்திய முகாமை. என் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தபோது, தோட்டத்துக்கு அனுப்புமுன் அங்கேதான் இறக்கிவிட்டார்கள். "தீவுல போட்டாங்க, மருந்துத் தண்ணியில குளிப்பாட்டினாங்க, கரை கண்ணுக்கு எதிர்லயே தெரியும்" என்பார். அதற்குமேல் ஒரு சொல் வராது. நீ எடுத்த படங்கள் எல்லாம் வெளியே நின்று உள்ளே பார்ப்பவை. அடுத்த முறை படகு கிடைத்தால், ஏதேனும் ஒரு சுவருக்கு உள்ளே நின்று, பினாங்குக் கரை தெரியும்படி ஒரு படம் எடுத்து அனுப்பு. பாசி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அம்மாவுக்குக் காட்ட வேண்டும். கொஞ்சம் பெரிதாக அச்சிட்டு அனுப்பு.

உன் நண்பன்