பிரஷர் மாத்திரை சுகரை ஏற்றுகிறதா? பொது சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பொது சுகாதாரத் துறை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், பிரஷருக்கும் சுகருக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிறது. மிக நல்ல திட்டம். பிரஷர் மாத்திரை சுகரை என்ன செய்கிறது என்று பார்க்கும் முறையையும் அதில் உறுதியாகச் சேர்க்க வேண்டுகிறோம்.

ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்ற தயசைடு வகை பிரஷர் மாத்திரைகள் சிறுநீரோடு பொட்டாசியத்தை வெளியேற்றும். பொட்டாசியம் குறைந்தால் கணையம் இன்சுலின் சுரப்பதும் குறையும். அட்டெனலால் என்ற பிரஷர் மாத்திரை வேறு வழியில் கெடுக்கிறது: இன்சுலின் சரியாக வேலை செய்யாது, எடையும் சற்று கூடும். பிரஷர் மாத்திரைகளை ஒப்பிட்டு 2002இல் வெளியான ஆல்ஹாட் ஆய்வில், சுகர் இல்லாமல் சேர்ந்தவர்களில் நான்கு ஆண்டுகளில் சுகர் வந்தவர்கள் குளோர்தாலிடோன் பிரிவில் 11.6 சதவீதம், அம்லோடிபினில் 9.8, லிசினோபிரிலில் 8.1.

இதைக் கேட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. பிரஷர் குறைவதால் கிடைக்கும் பாதுகாப்பு இதைவிடப் பெரியது. அட்டெனலாலைத் திடீரென்று விட்டால் நெஞ்சுவலி வரலாம். டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

தயசைடு தொடங்கும் முன் வெறும் வயிற்றுச் சுகர், பொட்டாசியம், சோடியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் நான்கையும் பாருங்கள். உப்புகளை 2 முதல் 4 வாரத்துக்குள் மறுபடியும், சுகரை மூன்று மாதத்தில், சராசரி சுகரைக் காட்டும் ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையோடும் பார்க்கலாம். சாப்பிட்ட பின் விரலில் குத்தி எடுக்கும் ஒற்றை அளவில், வெறும் வயிற்றுச் சுகர் 98இலிருந்து 112 ஆனது தெரியாது. சுகர் ஏறி, பொட்டாசியமும் 3.5க்குக் கீழே இருந்தால் உடனே புதிய சுகர் மாத்திரை எழுத அவசரப்பட வேண்டாம். முதலில் பொட்டாசியத்தைச் சரிசெய்து, தயசைடை 25 மில்லிகிராமிலிருந்து 12.5 ஆக்கலாம், அல்லது எனலாப்ரில், டெல்மிசார்டன் போன்ற வேறு பிரஷர் மாத்திரை ஒன்றைச் சேர்க்கலாம். அவை பொட்டாசியத்தைத் தக்கவைப்பவை என்பதால் சேர்த்த பிறகும் ரத்தம் பார்க்க வேண்டும்.

எங்களுக்கு அதிகக் கவலை, அட்டெனலாலும், சுகரைக் குறைக்கும் கிளிபென்கிளமைடு மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடும் முதியவர்களைப் பற்றியது. சுகர் இறங்கும்போது வரும் கை நடுக்கத்தையும் படபடப்பையும் அட்டெனலால் மறைத்துவிடும். வியர்வை மட்டும் மறையாது. காரணமில்லாமல் வியர்த்தாலோ பேச்சு குழறினாலோ உடனே குளுக்கோமீட்டரை எடுக்கும்படி தன்னார்வலர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். 70க்குக் கீழே இருந்து, விழுங்க முடிந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐ அழைக்க வேண்டும்.

இந்த இரண்டு மாத்திரையும் வாங்குவோரின் பட்டியலை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையமும் தனியே எடுத்து, சிறுநீரகம் பலவீனமானவர்களை முதலில் டாக்டரிடம் அனுப்ப உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
மருத்துவர்களும் மருந்தாளுநர்களும்