நம் பிள்ளைகளின் சூரியன் ஏன் இரண்டு மலைக்கு நடுவிலேயே உதிக்கிறது?

கன்னியாகுமரி மாவட்ட நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கு வணக்கம்.

கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஒரு பள்ளி. ஆறாம் வகுப்பின் முதல் ஓவிய வகுப்பு. "உங்கள் வீட்டு வாசலில் நின்றால் என்ன தெரியுமோ அதை வரையுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தாள்களை வாங்கிப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாத் தாள்களிலும் ஒரே படம். முக்கோணமாக இரண்டு மலை, நடுவே பாதிச் சூரியன், மலையிடுக்கிலிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு குடிசை, ஒற்றைத் தென்னை, வானத்தில் மடக்கிய குச்சிகளைப் போல நாலு பறவை. வரைந்தவர்களில் பலருடைய அப்பா விடியுமுன் வள்ளம் இறக்குகிறவர். அவர்கள் வாசலில் ஆறும் இல்லை, குடிசையும் இல்லை. கடல் இருக்கிறது. ஒரு தாளிலும் கடல் இல்லை.

குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்துப் பள்ளிகளில் சூரியன் மலைக்குப் பின்னாலிருந்துதான் எழும்புகிறது என்று நீங்கள் சொல்லலாம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கேயும் மலை முக்கோணமாக இல்லை. தூரத்து மலை பச்சையாகவும் இல்லை. காலையில் வேளிமலையைப் பாருங்கள். கிட்டத்தில் இருக்கும் ரப்பர் தோட்டம் பச்சை, அதன் பின்னால் உள்ள சரிவு நீலம் கலந்த பச்சை, அதற்கும் பின்னால் வெளிறிய நீலம். நமக்கும் மலைக்கும் நடுவே நிற்கும் காற்று, நீல ஒளியைத்தான் அதிகமாகச் சிதறடிக்கிறது. தூரம் கூடக் கூட அந்த நீலம் மலையின் மேல் ஒரு திரையைப் போல விழுகிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கப் பத்து நிமிடம் போதும். வெளியே கூட்டிப்போய்க் காட்டினால் இரண்டு நிமிடம்.

அந்த இரண்டு மலைப் படத்துக்கு நானும் குற்றவாளிதான். ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றால் கரும்பலகையில் அதையே வரைந்து போட்டு, நாற்பது பிள்ளைகளையும் பார்த்து வரையச் சொல்லியிருக்கிறேன். எல்லா நோட்டிலும் ஒரே படம் சுத்தமாக இருந்தால் ஆய்வில் கேள்வி வராது. பிள்ளையின் கண்ணை மூடிவிட்டுக் கையை மட்டும் பழக்கினோம். அதைத் திருப்பிப் போட உங்கள் உதவி வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மடல்.

நான் 2012இல் பகுதிநேர ஆசிரியராகச் சேர்ந்தவன். வாரத்துக்கு மூன்று அரைநாள். அப்போது மாதச் சம்பளம் 5,000 ரூபாய். சம்பளப் பிரச்சினையை இங்கே பேசப்போவதில்லை, அதற்கு வேறு இடங்கள் இருக்கின்றன. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளியில் கலைக் கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. அந்த வரியின் பலத்தில் வகுப்புக்குள் வந்தவன் நான். வந்த பிறகு என் பாட வேளைகளில் பாதி, கணக்குப் பாடம் முடியவில்லை என்று போயிற்று. மீதியில் ஆண்டுவிழாப் பதாகைக்கு எழுத்து எழுதினேன். ஒரு பள்ளியில் தேர்வு எண்களை பெஞ்சுகளில் ஒட்டும் வேலையும் ஓவியத்தில் சேர்ந்திருந்தது.

இன்னொன்றைக் கவனித்திருக்கிறீர்களா? நம் அரசு ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கிரையான் தருகிறது. மூன்றிலிருந்து ஐந்து வரை வண்ணப் பென்சில். ஆறாம் வகுப்பில் அந்த இடத்துக்குக் கணித உபகரணப் பெட்டி வந்துவிடுகிறது. காம்பஸ் வேண்டாம் என்று யார் சொல்வது? ஆனால் வண்ணம் என்பது எப்படி உண்டாகிறது என்று கேட்கிற வயது பதினொன்று, பன்னிரண்டு. சரியாக அந்த வயதில் கையிலிருந்து வண்ணத்தை வாங்கிவிடுகிறோம்.

இருபத்துநாலு நிற ஸ்கெட்ச் பேனாப் பெட்டியை நான் கேட்கவில்லை. சொல்லப்போனால், அது வகுப்புக்கு எதிரி. இருபத்துநாலு நிறம் கையில் இருக்கிற பிள்ளை எதையும் கலக்காது. எனக்கு வேண்டியது மஞ்சள், சிவப்பு, நீலம், கொஞ்சம் வெள்ளை. கறுப்பு வேண்டாம், கறுப்புப் புட்டியை முதல் பருவம் முழுக்கப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன்.

மூன்று நிறத்தை வைத்துக்கொண்டு நடந்த ஒரு தோல்வியைச் சொல்கிறேன். சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா என்று கரும்பலகையில் எழுதிப்போட்டேன். பிள்ளைகள் கலந்தார்கள். வந்தது கத்தரிக்காயின் ஊதா இல்லை, சேறு. "சார், நீங்கள் எழுதியது தப்பு" என்று ஒரு பெண்பிள்ளை எழுந்து சொன்னாள். அவள் சொன்னது சரி. கடையில் சிவப்பு என்று தரும் வண்ணம் பெரும்பாலும் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தது. அது நீல ஒளியை விழுங்கிவிடும். நீல வண்ணமோ சிவப்பு ஒளியை விழுங்கும். இரண்டும் கலந்தால் திரும்பிவர ஒளியே மிஞ்சுவதில்லை. அடுத்த வாரம் ரோஜாப் பக்கம் சாய்ந்த கிரிம்சனைக் கொண்டுபோனேன். அது நீல ஒளியில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும். ஊதா வந்தது. வகுப்பே கூச்சலிட்டது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப்பார்த்தார். வண்ணக் கோட்பாடு என்று பெரிய பெயரில் சொல்கிறார்களே, அது அந்தக் கூச்சலில்தான் தொடங்குகிறது. வட்டம் வரைந்து பன்னிரண்டு துண்டாக்கி நிறம் தீட்டிப் பெயர் எழுதுவது அதன் பிறகு.

அதே பெண்பிள்ளை இன்னொரு கேள்வியும் கேட்டாள். அறிவியல் புத்தகத்தில் முதன்மை நிறங்கள் சிவப்பு, பச்சை, நீலம் என்று இருக்கிறதே, எது உண்மை? இதற்குப் பதில் சொல்லக் கருவி எதுவும் வேண்டாம். கைப்பேசித் திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அதன் மேல் ஊசிமுனை அளவு ஒரு துளித் தண்ணீர் வைத்துப் பாருங்கள். துளி லென்ஸாகிவிடும், வெள்ளைக்குள் சிவப்பும் பச்சையும் நீலமும் பொடிப்பொடியாகத் தெரியும். அங்கே ஒளியோடு ஒளி கூடுகிறது. பிறகு காலைச் செய்தித்தாளின் ஓரத்தைப் பாருங்கள். பல தாள்களில் சிறிய நான்கு பொட்டுகள் இருக்கும்: வெளிர்நீலம், ரோஜாச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு. அச்சகம் இந்த நான்கு மையை வைத்துத்தான் நடிகையின் சேலையையும் அணையின் தண்ணீரையும் காட்டுகிறது. அங்கே ஒவ்வொரு மையும் ஒளியைக் கழிக்கிறது. கூட்டலுக்கு ஒரு மூன்று, கறுப்பை விட்டால் கழித்தலுக்கும் ஒரு மூன்று. கணக்காசிரியர் என் பாட வேளையைக் கேட்கும்போது இதைச் சொல்லிப் பார்த்தேன். சிரித்தார், பாட வேளையையும் எடுத்துக்கொண்டார்.

நம் மாவட்டத்தைப் போல வண்ணம் சொல்லிக்கொடுக்க வாய்த்த இடம் குறைவு. பச்சை என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மாதம் வகுப்பு நடத்தலாம். நாஞ்சில் நாட்டு நாற்றங்காலின் பச்சையில் மஞ்சள் அதிகம். பலா இலையில் நீலம் அதிகம். தென்னை ஓலையில் மேல்பக்கம் ஒன்று, வெயில் ஊடுருவும்போது வேறொன்று. தை மாதத்தில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும் முன் மஞ்சளும் துருவும் ஆகி, பிறகு செம்பு நிறத்தில் துளிர்க்கும். "மரம் என்றால் பச்சை" என்று தீட்டிய பிள்ளை அந்த மாதத்தில் தன் தாளையும் தோட்டத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள். குமரிக் கடற்கரையில் பொட்டலம் போட்டு விற்கும் வண்ண மணலும் இருக்கிறது. செம்மணலில் கார்னெட், கருமணலில் இல்மனைட். அதைக் கடையில் காட்டினால் போதும். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து மணல் அள்ளி வரச் சொல்லாதீர்கள், அதில் கதிர்வீச்சு தரும் தோரியம் உள்ள மோனசைட்டும் கலந்திருக்கும்.

தோவாளைப் பூச்சந்தைக்கு ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டிப்போக அனுமதி கேட்டேன். "பூ பார்ப்பதில் என்ன பாடம்?" என்றார் அன்றைய தலைமையாசிரியர். அன்று சொல்லத் தெரியவில்லை, இன்று சொல்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸின் கோபெலின் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் செவ்ரூல் என்ற வேதியியலாளர். கறுப்பு நூல் மங்கித் தெரிகிறது, சாயம் சரியில்லை என்று அவரிடம் புகார் வந்தது. சோதித்தார், சாயத்தில் குறையில்லை. கறுப்புக்குப் பக்கத்தில் நெய்திருந்த நிறம்தான் அதை மங்கலாகக் காட்டியது. அடுத்தடுத்து வைத்த நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் என்பதை விரித்து 1839இல் ஒரு பெரிய நூலாகவே எழுதினார். தோவாளையில் மாணிக்க மாலை கட்டுகிறவர்களுக்கு இது பழகிய சங்கதி. தனியே பார்த்தால் நொச்சி இலை சாம்பல் கலந்த மங்கிய பச்சை. சிவப்பு அரளிக்குப் பக்கத்தில் மடித்து வைத்ததும் அது பளிச்சென்று எழும்புகிறது, அரளியும் கூடச் சிவக்கிறது. நடுவில் வெள்ளை அரளி வந்து இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. அந்த மாலையை ஒரு பிள்ளை கையில் வைத்து, சிவப்பையே அரை நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தால், சுவரில் நீலப்பச்சையாக ஒரு நிழல் மிதக்கும். சிவப்பைப் பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குள் அந்த உணர்வு களைத்துவிட்டது. எதிர்நிறம் என்றால் என்ன என்று அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இப்போது சொல்லப்போவது எனக்கு எளிதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வாழை இலைக்குப் பழுப்பு நிறம் தீட்டியிருந்தான். கவனமில்லை என்று திட்டினேன். அடுத்த வாரம் மீண்டும் பழுப்பு. எல்லாரும் பார்க்கத் தாளைக் கிழித்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு பக்கத்தில் இருப்பவனின் தாளைப் பார்த்து, அவன் எடுக்கும் பென்சிலையே எடுக்கத் தொடங்கினான். அவனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது என்று எனக்குப் புரிய இரண்டு ஆண்டு ஆயிற்று. சிவப்பு, பச்சை உணர்வுக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண்பிள்ளைக்கு அது ஒன்றே ஒன்று, பழுதானால் மாற்று இல்லை. அதனால்தான் இக்குறை பெண்பிள்ளைகளைவிட ஆண்பிள்ளைகளிடம் அதிகம். உங்கள் பள்ளியிலும் அப்படி ஒருவன் இருக்கக்கூடும். அவனை முதலில் கண்டுபிடிக்க வேண்டிய இடம் ஓவிய வகுப்பு. பின்னாளில் ரயில்வே வேலைக்கு மருத்துவச் சோதனையில் நின்று திடீரெனத் தெரிந்துகொள்வதைவிட, பன்னிரண்டு வயதில் தெரிந்துகொள்வது நல்லதல்லவா? அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. கண்டால் மன்னிப்புக் கேட்பேன்.

அப்படிப்பட்ட பிள்ளைக்கும் ஓவியம் உண்டு. வண்ணத்துக்கு முன்னால் வெளிச்சமும் நிழலும் இருக்கின்றன. மட்டி, ஏத்தன், செந்துளுவன் என்று மூன்று வகை வாழைப்பழத்தை மேசையில் வைத்து, ஒரு ஜன்னலைத் தவிர மற்றவற்றை மூடிவிட்டு, வெறும் பென்சிலால் வரையச் சொல்வேன். செந்துளுவனின் நிழல்பக்கம் எவ்வளவு இருட்டு, மேசையிலிருந்து திரும்பி அதன் அடிவயிற்றில் விழும் வெளிச்சம் எவ்வளவு மங்கல் என்று பார்க்கத் தெரிந்தால் மஞ்சளையும் சிவப்பையும் பிறகு போட்டுக்கொள்ளலாம். (மாதிரிப் பொருள்கள் பாட வேளை முடியும்போது மேசையில் இருப்பதில்லை. அதற்கு நான் கணக்குக் கேட்பதும் இல்லை.) திருநந்திக்கரைக் குடைவரைக்குப் போயிருப்பீர்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட அந்தச் சுவரோவியங்களில் வண்ணம் பெரும்பாலும் உதிர்ந்துபோயிற்று. கோடுதான் மிஞ்சி நிற்கிறது. வழிகாட்டிப் பலகையோடு நின்றுவிடாமல் அந்தக் கோட்டைப் பத்து நிமிடம் பார்த்து வரையும்படி பிள்ளைகளை அங்கே உட்கார வைத்தால், கல்விச் சுற்றுலா என்ற சொல்லுக்கு அர்த்தம் கிடைக்கும். பத்மநாபபுரம் அரண்மனைக்கு எல்லாப் பள்ளியும் போகிறது. மந்திரசாலை ஜன்னலில் வண்ண மைக்கா பதித்திருக்கிறார்கள். வெயில் அதன் வழியே வரும்போது நிறம் மாறுவதைப் பார்க்க நேரம் கொடுக்காமல் "வரிசை, வரிசை" என்று ஓட்டிவிடுகிறோம்.

கலைத் திருவிழா வந்த பிறகு ஓவியத்துக்குக் கொஞ்சம் மதிப்பு வந்திருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் பரிசு வாங்கும் படங்களில் பலவும் வெளியே பணம் கட்டிப் பழகிய ஒரே கை. இரண்டு மலைக்குப் பதிலாக இப்போது பூமியைக் கையில் ஏந்திய பெண் வந்திருக்கிறாள். அவ்வளவுதான் மாற்றம்.

உங்களிடம் கேட்பது பெரிதொன்றும் இல்லை. வாரத்தில் இரண்டு ஓவியப் பாட வேளைகளைத் தனித்தனியே போடாமல் அடுத்தடுத்துப் போடுங்கள். வண்ணம் கலக்கவே அரைமணி ஆகிவிடும், காயவும் கழுவவும் நேரம் வேண்டும். அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம் தவிர அவற்றை யாருக்கும் கொடுக்காதீர்கள். பள்ளி மானியத்தில் அந்த மூன்று வண்ணத்துக்கும் வெள்ளைக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். தட்டுக்குப் பதில் பழைய ஓடு, கிண்ணத்துக்குப் பதில் சிரட்டை, அவற்றை நானும் பிள்ளைகளும் கொண்டுவருவோம். ஆய்வுக்கு வரும் அதிகாரி நோட்டைப் புரட்டும்போது நாற்பது படமும் நாற்பது விதமாக, சில அசிங்கமாகவும் இருந்தால், எனக்காக இரண்டு வார்த்தை பேசுங்கள்.

பேசுவதற்கு முன் ஒரு நாள் வகுப்புக்கு வாருங்கள். கடைசி பெஞ்சில் இடம் இருக்கும். முற்றத்தில் நிற்கிற வேம்பின் பச்சையை அந்த மூன்று வண்ணத்தில் கலந்து எடுக்கச் சொல்வேன், பிள்ளைகளுக்குச் சொல்வதைப் போலவே உங்களுக்கும். சட்டையில் நீலம் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிடலாம், காய விட்டால்தான் போகாது.

இப்படிக்கு,
பகுதிநேர ஓவிய ஆசிரியன் ஒருவன்,
கன்னியாகுமரி மாவட்டம்.