நலமா என்று கேட்ட படிவத்துக்கு ஒரு பதில்

மதிப்பிற்குரிய கல்வி அலுவலர் பெருமக்களுக்கு,

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு மூன்று கிலோமீட்டர் கடல் பக்கமாக வந்தால் இருக்கும் ஓர் ஈராசிரியர் தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியை எழுதுகிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். போட்டால் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரும். அதற்குப் பதில் எழுத இன்னொரு ராத்திரி போய்விடும்.

போன ஏப்ரலில் கடைசி வேலை நாள். மதியம் 3.10க்கு வாட்ஸ்அப் குழுவில் ஒரு இணைப்பு வந்தது. 'ஆசிரியர் நலவாழ்வுப் படிவம்' என்று தலைப்பு. மொத்தம் 38 கேள்விகள். கீழே வழக்கமான வரி: மிக அவசரம், இன்று மாலை 5 மணிக்குள் அனைத்துப் பள்ளிகளும் முடித்திருக்க வேண்டும். முதல் கேள்வி, கடந்த இரண்டு வாரங்களில் நிம்மதியாகத் தூங்கினீர்களா என்பது.

அந்தக் கேள்விக்கு நான் பதில் குறித்தபோது மணி இரவு 9.50. மீன் ஏலக்கூடத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

ஏன் ஏலக்கூடம் என்று கேட்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் ஊரில் டவர் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான் என்று ஆய்வுக் கூட்டத்தில் மூன்று முறை சொல்லியிருக்கிறேன். பள்ளிக்குள் கைபேசி வெறும் கடிகாரம். வாசலுக்கு வந்தால் ஒரு கோடு காட்டும், கையை உயர்த்தினால் இரண்டு காட்டும், பேச ஆரம்பித்தால் போய்விடும். அன்றைக்கு மூன்றாம் பருவத் தொகுத்தறி (பருவ இறுதித் தேர்வு) மதிப்பெண்களையே இன்னும் ஏற்றி முடிக்கவில்லை. சர்வர் காலையிலிருந்து சுற்றிக்கொண்டிருந்தது. மாநிலம் முழுக்க எல்லாப் பள்ளியும் ஒரே நாளில் ஒரே வாசலில் முண்டினால் அதுவும்தான் என்ன செய்யும்? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ் பாக்கி. எமிஸில், அதாவது துறையின் மாணவர் விவர இணையதளத்தில், அடுத்த பள்ளி எடுத்துக்கொள்ளும் பொதுத் தொகுப்புக்கு அவர்களை மாற்றுவது பாக்கி. இதற்கு நடுவில்தான் நலமா என்று கேட்டீர்கள்.

6.40க்குக் கடைசி பஸ். பெண்களுக்குக் கட்டணமில்லை, நன்றி. ஆனால் அந்த பஸ்ஸில் ஏறினால், வேலை முடிக்காத பள்ளிகளின் சிவப்புப் பட்டியலில் எங்கள் பள்ளி வரும். உதவி ஆசிரியைக்குக் கைக்குழந்தை, அவரை அனுப்பிவிட்டேன். சத்துணவுச் சமையலர் அக்கா, "நீங்க தனியா இருக்க வேணாம் டீச்சர்" என்று சொல்லி டார்ச்சோடு கூட வந்தார். அவருக்கு அன்றைய வேலை மதியமே முடிந்துவிட்டது. கூட இருந்த அந்த நான்கு மணி நேரம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவர், என்னிடம் மூன்றாம் வகுப்பில் படிக்கும் பையனின் அப்பா, "என்ன டீச்சர், எங்களுக்குத்தான் தொழில் இல்லைனு இங்க கெடக்கோம், நீங்களும் வந்துட்டீங்க?" என்றார். சிரித்துவிட்டேன். அப்புறம் ஓ.டி.பி. வந்தது. வந்து சேரும்போது அதன் காலம் முடிந்திருந்தது. மறுபடி கேட்டேன், மறுபடியும் அதே கதை. ஐந்தாவது தடவை அந்த அப்பாவே என் கைபேசியை வாங்கிக்கொண்டு படகின் முன்முனையில், அணியத்தில் ஏறி நின்று எண்ணைக் கத்திச் சொன்னார். அக்காவின் பழைய கைபேசியில் நெட் வைத்து நான் கீழே அடித்தேன். ஒரு தொடக்கப்பள்ளியின் ஆண்டு முடிவுப் பணி இப்படித்தான் நிறைவுபெற்றது. கோப்பில் 'உரிய நேரத்தில் முடிக்கப்பட்டது' என்று எழுதியிருப்பீர்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். பருவக் கடைசியில் உங்களுக்கு வேண்டிய விவரங்கள் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக, பத்து வேலை நாள் முன்னதாக, எழுத்தில் தாருங்கள். வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அல்ல. மாலை 5 மணிக்கு அல்ல.

இது முடியாத காரியம் இல்லை. முப்பருவ முறை 2012-13இல் வந்தது. பருவம் எப்போது முடியும் என்பது ஆண்டுத் தொடக்கத்திலேயே நாள்காட்டியில் அச்சாகி வந்துவிடுகிறது. மதிப்பெண், தேர்ச்சி, புத்தகத் தேவை, சீருடை அளவு, செருப்பு அளவு என்று கேட்பவையும் வருடா வருடம் அதேதான். தெரிந்த கேள்வி, தெரிந்த தேதி, இதில் திடீர் அவசரம் எங்கிருந்து வருகிறது? செருப்பு அளவை மட்டும் இந்த ஆண்டு மூன்று முறை வாங்கினீர்கள். முதலில் சென்டிமீட்டரில், பிறகு இஞ்சில், கடைசியில் நம்பரில். மூன்றாவது முறை அளக்கும்போது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கால் வளர்ந்திருந்தது.

சட்டமும் எங்கள் பக்கம்தான் பேசுகிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம், அதுவும் பாடத் தயாரிப்பையும் சேர்த்து என்று இருக்கிறது. அந்தக் கடைசி வாரம் எனக்கு வியாழக்கிழமை மதியமே 45 முடிந்துவிட்டது. பிரிவு 27, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் இந்த மூன்றைத் தவிர ஆசிரியரை வேறு கல்வி சாராத வேலைக்கு அனுப்பக் கூடாது என்கிறது. விவரம் ஏற்றுவது கல்விப் பணிதான் என்று நீங்கள் சொல்லலாம். சரி, வைத்துக்கொள்வோம். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பதும் அதே அட்டவணைதான். ஐந்து வகுப்பு, இரண்டு பேர். ஒருவர் டவரைத் தேடிப் போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பாட்டுப் பாடவேண்டியதுதான். அந்த வாரம் முழுக்கப் பாடியது உதவி ஆசிரியை. தொண்டை கட்டிக்கொண்டது. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

படிவத்தின் 11ஆம் கேள்வியை மட்டும் சொல்லாமல் விட முடியவில்லை. நாள்தோறும் போதிய தண்ணீர் குடிக்கிறீர்களா? ஆம், இல்லை, சில நேரங்களில். ஐயா, அம்மா, எங்கள் பள்ளி போர்வெல் தண்ணீர் உப்பு. வாயில் வைக்க முடியாது, குழாயை அரித்துத் தின்றுவிடுகிறது. கழிவறைக்கு அந்தத் தண்ணீரும் வராத நாள் உண்டு. குடிப்பதற்கு லாரித் தண்ணீரைக் குடம் கணக்கில் வாங்குகிறோம். முதலில் பிள்ளைகளுக்கும் சமையலுக்கும். பள்ளிக்கு வரும் பெண்கள் காலையில் வீட்டில் ஒரு வாய் குடித்தால் சாயங்காலம் வீட்டில்தான் அடுத்த வாய். போய்வர வழியில்லாதபோது குடித்து என்ன செய்ய? நான் 'சில நேரங்களில்' என்று குறித்தேன். உடனே பச்சை எழுத்தில் ஓர் அறிவுரை வந்தது, தினமும் எட்டுக் குவளை தண்ணீர் அருந்துங்கள் என்று. வேலிக் கருவைக்குத்தான் எங்கள் ஊரில் எட்டுக் குவளை தண்ணீர் பூமிக்கடியில் கிடைக்கிறது.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நல்லது நடந்தால் நல்லது என்று சொல்லத் தெரியும். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25இல் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்த பிறகு, காலை வழிபாட்டில் தலைசுற்றி உட்காரும் பிள்ளையை நான் பார்க்கவில்லை. அதைச் செயலியில் ஏற்றச் சொன்னீர்கள், ஏற்றுகிறோம். ஆனால் ஒன்று யோசியுங்கள். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகும் வீடுகளில் கையில் காசு புரளாத நேரம். சரியாக அப்போது பள்ளியும் மூடிக் காலையும் மதியமும் நின்றுவிடுகிறது. கடைசி நாளில் நான் பிள்ளைகளின் அம்மாக்களிடம் இதைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். விடுமுறையில் யார் வீட்டில் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகும் ஏழு பேரும் சான்றிதழுக்காக வாசலில் நின்றார்கள். ஒரு பெண் எனக்காக ஒரு சங்கு கொண்டுவந்திருந்தாள். மேஜையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மறுநாள்தான் பார்த்தேன்.

இதற்கு உங்களைக் குறை சொல்வதா, சர்வரைக் குறை சொல்வதா என்று தெரியவில்லை. உங்களுக்கும் மேலிருந்து 5 மணி என்றுதான் வந்திருக்கும். அதனால்தான் பணிவாகக் கேட்கிறேன். ஒரே பட்டியல், பத்து வேலை நாள், எழுத்தில். டவர் இல்லாத பள்ளிகள் தாளில் எழுதித் தந்தால் வட்டார அலுவலகத்திலேயே ஏற்றிக்கொள்ள ஓர் ஏற்பாடு. சமையலர், தூய்மைப் பணியாளர் பெயரையும் அந்த நலவாழ்வுப் படிவத்தில் சேருங்கள். அவர்களை யாரும் நலமா என்று கேட்டதே இல்லை.

ஜூனில் பள்ளி திறக்கும்போது முதல் பருவத்துக்கான பட்டியல் கைக்கு வந்தால் போதும். அந்தப் பருவம் செப்டம்பரில்தான் முடிகிறது, அவசரமில்லை.

இப்படிக்கு,
கடற்கரை ஊர்த் தலைமையாசிரியை ஒருவர்

பி.கு.: எங்கள் பள்ளியின் நலவாழ்வுப் படிவம் இன்னும் 'நிலுவை' என்றே காட்டுகிறது. 37ஆம் கேள்வியில் டவர் போய்விட்டது.